சோலாரும் ரேடியோவும் ஒரே பெட்டியில்: வீட்டாரோடு சேர்ந்து செய்ய முழு வழிகாட்டி

ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்டி. உள்ளே பேட்டரி, ரேடியோ, ஒரு விளக்கு, இரண்டு போன் சார்ஜ் செய்ய வசதி. வெளியே ஒரு சோலார் பேனல். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் வீட்டில் வெளிச்சமும் வானிலைச் சேதியும் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இது. மிக்ஸி, மோட்டார் ஓட்ட அல்ல.

இதைச் செய்கிறவர்கள் மின்சாரப் பகுதியில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. தடுமாறுவது ரேடியோவில். சார்ஜ் கண்ட்ரோலரும் (பேனல் கரண்டை அளவாகப் பேட்டரிக்கு விடும் சாமான்) போன் சார்ஜரும் உள்ளுக்குள் நொடிக்கு எத்தனையோ தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகின்றன. பக்கத்தில் ரேடியோ இருந்தால் அந்த வெட்டு இரைச்சலாக வந்து விழும். எல்லாவற்றையும் பொருத்தி, மூடியைத் திருகி, கடைசியில் ரேடியோவைப் போட்டுப் பார்ப்பார்கள். கொர்ரென்று ஒரே சத்தம். எந்தச் சாமான் செய்கிற வேலை என்று அப்போது தெரியாது. முழுக்கக் கழற்ற வேண்டியதுதான்.

அதனால் கீழே ரேடியோ முதலில் வருகிறது. அப்புறம் ஒவ்வொரு சாமானாகச் சேர்க்கிறோம், ஒவ்வொன்றைச் சேர்த்ததும் காது கொடுத்துக் கேட்கிறோம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

1. கடைக்குப் போகும் முன் கணக்கு

ஒரு நாளைக்கு என்ன செலவாகும் என்று தாளில் எழுதுங்கள். ரேடியோ 8 மணி நேரம் ஓடினால் சுமார் 16 வாட் மணி. 3 வாட் விளக்கு 5 மணி நேரத்துக்கு 15. இரண்டு போன், வழியில் வீணாவதையும் சேர்த்து 36. மொத்தம் 70 வாட் மணிக்குள் அடங்கிவிடும்.

12.8 வோல்ட், 12 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் 150 வாட் மணிக்குச் சற்று மேல் இருக்கும். வெயிலே வராவிட்டாலும் இரண்டு நாள் தள்ளும்.

பேனல் 50 வாட் போதும். நல்ல வெயில் நாளில் இழப்பு போக 170 வாட் மணி வரை தரும். ஐப்பசி அடைமழையில் மூன்றில் ஒரு பங்குதான் எதிர்பார்க்கலாம், அதாவது 50 சொச்சம். மூடம் போட்ட நாளிலும் செலவில் பெரும்பகுதியைப் பேனல் ஈடுகட்டிவிடும் என்பதால்தான் இந்த அளவு. 10 வாட், 20 வாட் பேனல் பார்க்கக் கைக்கடக்கமாக இருக்கும். மழைக்காலத்தில் ஒரு போனைத் தேற்றவே திணறும்.

2. வாங்க வேண்டியவை

பேட்டரி: லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, உள்ளேயே பாதுகாப்புச் சுற்று வைத்துக் கட்டிய ரெடிமேட் பேக். தனித்தனி செல் வாங்கி வீட்டில் கோக்கிற வேலை, பிள்ளைகள் சுற்றி இருக்கும் இடத்தில் வேண்டாம். பழைய யு.பி.எஸ். பேட்டரி கிடக்கிறது, அதைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம். ஆனால் 7 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் செத்துவிடும். அளவு மீறிச் சார்ஜ் ஆனால் வாயு வரும் என்பதால் பெட்டிக்குக் காற்றோட்டமும் வேண்டும்.

சார்ஜ் கண்ட்ரோலர்: 10 ஆம்பியர், லித்தியத்துக்கு என்று தனி செட்டிங் உள்ளது. ஈயப் பேட்டரிக்கு மட்டும் ஆனதை வாங்கினால், சமன்செய்யும் சார்ஜ் என்று அவ்வப்போது வோல்டேஜை ஏற்றும். லித்தியத்துக்கு அது ஆகாது.

ரேடியோ: கட்டை செல் போடுகிற, எஃப்.எம்., மீடியம் வேவ் இரண்டும் உள்ள சாதாரண செட். நாகர்கோவில் வானொலி பண்பலையில் 101 மெகாஹெர்ட்ஸ். மீடியம் வேவில் திருநெல்வேலி 1197, திருவனந்தபுரம் 1161 கிலோஹெர்ட்ஸ். முள் வைத்த செட்டில் இரண்டும் ஒட்டி ஒட்டி நிற்கும். பண்பலை அலை நேர்கோட்டில் போகிறது, மலை குறுக்கே வந்தால் தடுமாறும். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் இருப்பவர்கள் மீடியம் வேவ் இல்லாத செட்டை வாங்காதீர்கள்.

பெட்டி: பிளாஸ்டிக் அல்லது மரம். தகரப் பெட்டி, டிரங்குப் பெட்டி கூடவே கூடாது. மீடியம் வேவ் ஏரியல் ரேடியோவுக்குள்ளேயே ஒரு கறுப்பு ஃபெரைட் கம்பியாக இருக்கிறது; சுற்றிலும் உலோகம் இருந்தால் அலை அதுவரை வந்து சேராது.

வயர்: பெட்டிக்குள் 1.5 சதுர மில்லிமீட்டர், பேனலுக்கு 5 மீட்டர் நீளத்தில் அதே தடிமன் அல்லது 2.5. காலிங் பெல்லுக்குப் போடுகிற ஒல்லி வயரில் 5 மீட்டர் தூரத்துக்கு ஒரு வோல்டுக்கு மேல் தொலைந்துபோகும். கடற்கரை ஊர் என்றால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கேட்டு வாங்குங்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற துறைமுக ஊர்களில் படகுச் சாமான் விற்கும் கடைகளில் விசாரிக்கலாம். துருப்பிடிக்காத ஸ்க்ரூவும் அங்கேயே பார்த்துவிடலாம்.

மற்றவை: வண்டிகளில் போடுகிற பிளேடு ஃப்யூஸ் 10, 5, 2 ஆம்பியரில், கூடுதலாகவும் சில. ஃப்யூஸ் பாக்ஸ், ஒரு மெயின் சுவிட்ச், மூன்று சின்ன சுவிட்ச், 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை ஒரு முழம், சுவிட்ச் வைத்த யு.எஸ்.பி. சாக்கெட், இரண்டு வெவ்வேறு வகை டி.சி. பிளக், கிளிப் வகை ஃபெரைட் வளையம் நான்கு, மல்டிமீட்டர்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுச் சுவரில் சொருகும் இரண்டு முள், மூன்று முள் பிளக்கை 12 வோல்ட் வேலைக்கு எடுக்காதீர்கள். கையில் கிடக்கிறது, மலிவு என்று பலர் அதைத்தான் மாட்டுகிறார்கள். கரண்ட் திரும்பி வந்த இரவில், தூக்கக் கலக்கத்தில், வீட்டில் யாராவது ஒருவர் பெட்டி வயரை நேராகச் சுவரில் சொருகிவிடுவார். 230 வோல்ட் உள்ளே போனால் பெட்டியோடு நிற்காது.

3. யாருக்கு எந்த வேலை

வேலையைப் பிரிக்கும்போது, சின்னப் பிள்ளைகளிடம் ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்கிற வேலையைத் தருவதுதான் வழக்கம். பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்கள். மாறாக இரைச்சல் கேட்கும் வேலையைக் கொடுங்கள். பெரியவர்களின் காதுக்கு எட்டாத மெல்லிய கீச்சு சத்தம் அவர்களுக்குக் கேட்கும். கூடவே ஒரு நோட்டு: என்ன சேர்த்தோம், சத்தம் எப்படி மாறியது. இந்த நோட்டு எட்டாவது படியில் கட்டாயம் தேவைப்படும்.

மீட்டர் பிடிப்பது, துளைக்கு அளவு எடுப்பது, பெயர்ச் சீட்டு ஒட்டுவது எல்லாம் பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம். ஈயம் உருக்கிப் பற்ற வைப்பதும் (சால்டரிங்) பேட்டரி முனையைத் தொடுவதும் பெரியவர் வேலை.

வேலை தொடங்கும் முன் வளையல், மோதிரம், செயினைக் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு வளையல் விழுந்தால் பேட்டரி பெரிய கரண்டை அதன் வழியாகத் தள்ளும். வளையல் நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும். வேலை இல்லாதபோது பேட்டரி முனை இரண்டிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டியே இருக்கட்டும்.

4. சாமான்களைத் தனித்தனியாகச் சோதிப்பது

பெட்டியில் துளை போடும் முன், வாங்கியவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பொருத்திய பிறகு கெட்ட சாமானைக் கண்டுபிடித்தால் கடைக்காரர் மாற்றித் தரத் தயங்குவார்.

பேட்டரி: மீட்டரில் 13 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும்.

பேனல்: வெயிலில் வைத்து, எதிலும் இணைக்காமல் அளந்தால் 21, 22 வோல்ட் வரும். '12 வோல்ட் பேனல்னுதானே எழுதியிருக்கு' என்று பதற வேண்டாம், பெயர்தான் 12. வேலை செய்யும்போது 18 வோல்ட் பக்கம் நிற்கும்.

அடுத்து மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேனலின் இரு முனையிலும் நேராக வையுங்கள். உச்சி வெயிலில் 3 ஆம்பியர் அளவில் காட்டும். இப்படி நேராகக் கோத்தாலும் பேனலுக்குக் கேடில்லை. ஆனால் அளந்த கையோடு சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே பேட்டரியில் வைப்பதுதான் புதியவர்கள் மீட்டரைக் கொல்லும் வழி.

5. முதலில் ரேடியோ

ரேடியோவில் செல் போட்டு, வீட்டில் எல்லா சார்ஜரையும் எல்.இ.டி. விளக்கையும் அணைத்துவிட்டு நிலையங்களைக் கேளுங்கள். இதுதான் உங்கள் அளவுகோல். நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: திருநெல்வேலி எவ்வளவு தெளிவு, நாகர்கோவில் எவ்வளவு தெளிவு.

அப்புறம் ரேடியோவைப் பேட்டரியோடு இணைப்பது. பின்பக்கம் நான்கு செல் என்றால் 6 வோல்ட். 12 வோல்ட்டை 6 ஆக்கக் கடையில் சின்ன கன்வர்ட்டர் போர்டு தருவார்கள். சூடாகாது, பேட்டரியும் மிச்சமாகும். அதை வாங்காதீர்கள். அதுவும் வெட்டி வெட்டித்தான் கரண்ட் கொடுக்கிறது, மீடியம் வேவை விழுங்கிவிடும்.

7806 என்ற மூன்று கால் ரெகுலேட்டரைப் போடுங்கள். எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடது கால் உள்ளே வரும் பிளஸ், நடுக்கால் மைனஸ், வலது கால் 6 வோல்ட் வெளியே. இடதுக்கும் நடுவுக்கும் 0.33 மைக்ரோஃபாரட், வலதுக்கும் நடுவுக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களைக் காலை ஒட்டியே பற்ற வையுங்கள்; தள்ளிப் போட்டால் பயன் இல்லை. இது வெட்டாது. மிச்ச வோல்டேஜை வெறும் சூடாக ஆக்கிவிடும், ரேடியோ 150 மில்லி ஆம்பியர் எடுத்தால் 1 வாட் சொச்சம்தான். தீப்பெட்டி அளவு அலுமினியத் துண்டில் திருகிவிட்டால் போதும்.

மூன்று செல் செட் என்றால் 4.5 வோல்ட். அதற்கு எல்.எம். 317 எடுத்து, 240 ஓம், 620 ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டால் 4.48 வோல்ட் வரும். கவனம்: இதில் கால்களின் வரிசை வேறு. முதுகுத் தகடும் மைனஸ் அல்ல, வெளியே போகும் பிளஸ். அலுமினியத்தில் திருகும்போது நடுவில் மைக்கா தாளும் ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் வாஷரும் வைக்க வேண்டும்.

ரேடியோவில் சொருகும் முன் மீட்டரில் அளங்கள். பிளக்கின் நடுமுள் பிளஸா மைனஸா என்பது செட்டுக்குச் செட்டு மாறும். சாக்கெட் பக்கத்தில் சின்னப் படம் போட்டிருப்பார்கள். தாத்தா காலத்து செட்டில் நடு மைனஸாக இருப்பது சகஜம். உள்ளே கிடக்கும் செல்களையும் எடுத்துவிடுங்கள். வருஷக் கணக்கில் கிடந்தால் கசிந்து கம்பியை அரித்துவிடும்.

ரேடியோவுக்கான சுவிட்ச், ரெகுலேட்டருக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் ரேடியோ அணைந்திருந்தாலும் ரெகுலேட்டர் சும்மா கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும்.

6. ஃப்யூஸ், மெயின் சுவிட்ச்

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து வரும் வயரில் முதல் சாமான் 10 ஆம்பியர் ஃப்யூஸ்தான், அதுவும் ஒரு சாண் தூரத்துக்குள். ஃப்யூஸ் ரேடியோவைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் உள்ள வயர் நசுங்கி மைனஸோடு ஒட்டிக்கொண்டால் அதை எதுவும் தடுக்காது. அதனால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

ஃப்யூஸுக்கு அடுத்து மெயின் சுவிட்ச். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், கண்ட்ரோலரிலேயே பட்டன் இருக்கிறதே என்று. கண்ட்ரோலர் சும்மா இருக்கும்போதே 10 மில்லி ஆம்பியர் எடுத்தால் மாதத்துக்கு 7 ஆம்பியர் மணி ஆகிறது. பரணில் வைத்த பெட்டியை இரண்டு மாதம் கழித்து எடுத்தால் பேட்டரி காலி.

மெயின் சுவிட்சுக்குப் பிறகு ஃப்யூஸ் பாக்ஸ். ரேடியோவுக்கு 2, விளக்குக்கு 2, யு.எஸ்.பி.க்கு 5 ஆம்பியர். எல்லாம் இங்கிருந்தே கிளம்பட்டும். கண்ட்ரோலரில் பல்பு படம் போட்ட முனையைத் தொட வேண்டாம். மலிவான கண்ட்ரோலர்கள் பலவற்றில் அந்த முனையின் மைனஸ், பேட்டரியின் மைனஸோடு ஒன்றல்ல. ஒன்றை அங்கும் ஒன்றை இங்கும் இணைத்தால் கண்ட்ரோலரின் பாதுகாப்பு அர்த்தமில்லாமல் போகும்.

ஸ்க்ரூ முனைகளுக்குள் போகும் வயர் நுனியில் ஈயம் பூசாதீர்கள். ஈயம் மெத்தென்றது, திருகிய பிறகும் மெல்ல அமுங்கும், இணைப்பு தளரும். லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து அழுத்திக் கோப்பதுதான் சரி.

இந்த நிலையில் ரேடியோவைப் போட்டுக் கேளுங்கள். செல்லில் ஓடியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும்.

7. கண்ட்ரோலர், அப்புறம் பேனல்

வரிசை: முதலில் பேட்டரி, பிறகு பேனல். பேட்டரியைப் பார்த்துத்தான் கண்ட்ரோலர் இது 12 வோல்ட் அமைப்பு என்று புரிந்துகொள்கிறது. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால், பேனலின் 22 வோல்ட் மறுபக்கம் வரை வந்து சாமான்களைக் கெடுக்கலாம்.

கழற்றும்போது தலைகீழ்: முதலில் பேனல் பிளக், பிறகுதான் மெயின் சுவிட்ச். வெயிலில் பேனல் மாட்டியிருக்கும்போதே மெயினை அணைப்பதுதான் வீட்டார் அடிக்கடி செய்யும் தவறு. அதனால் மெயின் சுவிட்சின் மேல் 'பேனலைக் கழற்றியாச்சா?' என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். நல்ல கையெழுத்து உள்ள பிள்ளை எழுதட்டும்.

பேட்டரியை இணைத்ததும் கண்ட்ரோலரை லித்தியம் செட்டிங்குக்கு மாற்றுங்கள். முழு சார்ஜ் 14.4 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஈயப் பேட்டரி செட்டிங்கில்தான் இருக்கும்.

பேனலுக்கு ஒரு வகை பிளக், வெளியே கரண்ட் எடுக்க வேறு வகை. இரண்டும் ஒரே வகையானால் ஒரு நாள் மாற்றிச் சொருகுவது நிச்சயம். பெட்டியில் வருவது குழிப் பக்கமாக இருக்கட்டும். முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாவிக்கொத்து பட்டாலே தீப்பொறி பறக்கும்.

8. இரைச்சலைப் பிடிப்பது

இந்தப் படிக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். வெயில் வேண்டும், ஏனென்றால் பேனல் கரண்ட் கொடுக்கும்போதுதான் கண்ட்ரோலர் சத்தம் போடும். இரவில் சோதித்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று மூடுகிறவர்கள் மறுநாள் காலையில் திரும்ப வருவார்கள்.

மேஜை மேல் எல்லாம் பரப்பியபடி இருக்கட்டும். மீடியம் வேவில் 1197ஐ வைத்துவிட்டுப் பேனலைச் சொருகுங்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை காதை ஒட்டி வைத்துக்கொண்டு 'அப்பா, இப்ப வண்டு மாதிரி ஒரு சத்தம் கேக்கு' என்று சொன்னால் அது கண்ட்ரோலர். பிளக்கை எடுங்கள், சத்தம் நின்றால் உறுதி.

இனி ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

முதலில் தூரம். ரேடியோவைக் கண்ட்ரோலரிடமிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும். பெட்டியின் ஒரு கோடியில் ரேடியோ, மறு கோடியில் கண்ட்ரோலர், நடுவில் பேட்டரி என்று இடம் பிரிப்பது இதற்குத்தான்.

இரண்டாவது திசை. ஃபெரைட் கம்பி எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வாங்காது. அதன் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கிருந்து வருவது அமுங்கிவிடும். வீட்டில் பழைய ஆள் யாராவது இருந்தால் உங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார்: 'பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வை மக்கா.' பாட்டா சொல்வது சரிதான். ரேடியோவை மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் வண்டுச் சத்தம் விழுந்துவிடும், நிலையம் நிற்கும். பெட்டிக்குள் ரேடியோவை அந்தக் கோணத்தில் பொருத்துங்கள்.

மூன்றாவது, வயர். பேனலிலிருந்து வரும் பிளஸ்ஸும் மைனஸும் தனித்தனியாக விரிந்து கிடந்தால் அந்த 5 மீட்டர் வயரே ஏரியலாக மாறி இரைச்சலைப் பரப்பும். இரண்டையும் முறுக்கி ஒன்றாக்குங்கள். உள்ளே உள்ள வயர்களையும் இப்படியே.

நான்காவது, ஃபெரைட் வளையம். கண்ட்ரோலரை ஒட்டி, பேனல் வயரில் ஒன்று, பேட்டரி வயரில் ஒன்று. வளையத்துக்குள் வயர் ஒரே தடவை நுழைந்து போனால் மீடியம் வேவுக்குப் பெரிய பலன் கிடையாது. நான்கைந்து சுற்று சுற்றி மூடுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்தே சுற்ற வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். விட்டுவிடலாம். செய்தி நேரத்தில் பேனல் பிளக்கைப் பத்து நிமிஷம் கழற்றி வைத்தால் தீர்ந்தது. முற்றிலும் அமைதியாக்குகிறேன் என்று நாள் முழுக்க உட்கார்ந்தால் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள், அப்புறம் பெட்டி முடியவே முடியாது.

எஃப்.எம்.மில் இந்த இரைச்சல் பெரும்பாலும் கேட்காது. அதைவைத்து மட்டும் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள்.

9. விளக்கும் போன் சாக்கெட்டும்

விளக்குக்கு எல்.இ.டி. பட்டைதான் நல்லது. அதில் எல்.இ.டி.யோடு வெறும் ரெசிஸ்டர் மட்டும் இருக்கிறது, சத்தமே வராது. 12 வோல்ட் பல்பு வகைகளுக்குள் சின்ன டிரைவர் சுற்று இருந்தால் அதுவும் ஒரு இரைச்சல் பெட்டி. போட்டுப் பார்த்து, காது ஒப்புக்கொண்டால் வைத்துக்கொள்ளுங்கள்.

யு.எஸ்.பி. சாக்கெட் எப்படியும் சத்தம் போடும். அதனால்தான் தனி சுவிட்ச். ரேடியோ கேட்கும்போது போன் சார்ஜை நிறுத்துங்கள். அதில் வோல்டேஜ் காட்டும் நீல எண் இருந்தால் அதுவும் இரவெல்லாம் கரண்ட் தின்னும். சுவிட்ச் அதையும் அணைக்கும்.

10. பெட்டிக்குள் ஏற்றுவது

துளைகளை முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். ரேடியோவின் கம்பி ஏரியல் முழுதாக நிமிர இடம் வேண்டும். சுவிட்சுகள் பக்கவாட்டில் இருக்கட்டும், மேலே வைத்தால் மழைத்துளி நேராக விழும்.

பேட்டரிதான் கனம். நடுவில், அடியில், பட்டை போட்டு இறுக்குங்கள். ஆடினால் முதலில் தளர்வது அதன் முனைகள்தான்.

உப்புக்காற்றை லேசாக எடுக்காதீர்கள். மணக்குடியிலும் ராஜாக்கமங்கலத்திலும் கடலை ஒட்டிய வீடுகளில், சும்மா விட்ட செம்பு நுனி சீக்கிரமே பச்சை பூக்கும். ஒவ்வொரு இணைப்பின் மேலும் சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள், ஸ்க்ரூ முனைகளில் திருகிய பிறகு மெல்லிசாக வாசலின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டுத் திருகக் கூடாது. வயர் நுழையும் இடத்தில் ரப்பர் கிளாண்ட், வெளியே வயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறி நுழையட்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

11. பேனலை எங்கே வைப்பது

பேனல் வெயிலில், பெட்டி நிழலில். 5 மீட்டர் வயர் வாங்கச் சொன்னதன் காரணம் இதுதான். வெயிலில் மூடி வைத்த பெட்டிக்குள் சூடு 45 டிகிரியைத் தாண்டினால் லித்தியம் பேட்டரி சார்ஜ் ஆவதற்கு நல்லதல்ல.

தென்னந்தோப்பு வீடுகளில் ஒரு சிக்கல். பேனலில் செல்கள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. ஒரு ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே மொத்தக் கரண்டும் பாதிக்கு மேல் சரியும். பளிச்சென்று வெயில் அடிக்கிறதே, ஏன் சார்ஜ் ஏறவில்லை என்று கேட்பவர்களின் பேனலைப் பார்த்தால் மேலே ஒரு ஓலை ஆடிக்கொண்டிருக்கும்.

சாய்வைத் தெற்கு நோக்கி வை என்று எல்லோரும் சொல்வார்கள். நம் மாவட்டம் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் பேனலைச் சற்று வடக்கே சாய்த்து வையுங்கள். ஐப்பசி முதல் மாசி வரை தெற்கே 20 டிகிரி அளவில். முழுத் தட்டையாக எப்போதும் வேண்டாம், மழைநீரும் தூசியும் தேங்கும்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் பேனல் பறந்துவிடும். செங்கல் வைத்தால் போதாது, நான்கு மூலையிலும் கயிறு கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பேனலைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும்; பெட்டி இரண்டு நாள் தனியாகத் தாங்கும் என்று முதல் படியில் கணக்குப் போட்டது இதற்காகத்தான்.

12. பேசும் கருவி வைக்கலாமா?

பெட்டி முடிந்ததும் வீட்டில் யாராவது வாக்கி டாக்கி ஒன்று சேர்க்கலாமே என்பார்கள். இணையத்தில் மலிவாகக் கிடைப்பது உண்மை. ஆனால் அமெச்சூர் அலைவரிசையில் பேச அரசு உரிமம் வேண்டும், அதற்குத் தேர்வு இருக்கிறது. உரிமம் கிடைத்தவர்கள் 25 வாட் செட் வைத்தால் அது பேசும்போது 6 முதல் 8 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குத் தனி வயர், தனி 10 ஆம்பியர் ஃப்யூஸ், மெயின் ஃப்யூஸும் வயரும் ஒரு படி பெரியது, பேட்டரியும் இதைவிடப் பெரியது. அது வேறு பெட்டி.

13. மாதம் ஒரு முறை

வோல்டேஜைப் பார்த்து லித்தியம் பேட்டரியின் நிலையைச் சொல்வது கடினம். பாதியிலும் முக்காலிலும் கிட்டத்தட்ட ஒரே 13.2 தான் காட்டும். கீழே போகும்போதுதான் சட்டென்று விழும். 12.8க்கு வந்தால் போன் சார்ஜை நிறுத்துங்கள், 12.5க்கு வந்தால் எல்லாவற்றையும். அதற்கும் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று பேட்டரியைத் துண்டித்துவிடும். அப்புறம் சில கண்ட்ரோலர்களுக்கு அது பேட்டரியாகவே தெரியாது, தனி சார்ஜர் வைத்து எழுப்ப வேண்டியிருக்கும்.

பரணில் வைப்பதானால் பாதிக்குச் சற்று மேல் சார்ஜ் இருக்கும்போது மெயினை அணைத்து வையுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கி, அரை நாள் வெயில் கொடுத்து, ரேடியோவைப் போட்டுக் கேட்டு, முனைகளில் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். புரட்டாசி பிறக்கும்போது ஒரு தடவை எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிப் பாருங்கள். கூடுதல் ஃப்யூஸ்களையும் பிள்ளை எழுதிய இரைச்சல் நோட்டையும் மூடியின் உள்பக்கம் ஒரு கவரில் ஒட்டி வையுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தாலோ, தொட்டால் காரணமில்லாமல் சூடாக இருந்தாலோ அன்றே கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) போட வேண்டாம், குத்துப்பட்டால் தீப்பிடிக்கலாம். முனைகளில் டேப் ஒட்டி, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.